பழைய செஸ்னாவின் இருக்கை: மேலே மெத்தை போடுவதா, உள்ளிருப்பதை மாற்றுவதா?

விமானம் ஓட்டும் பயிற்சிக்காக மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சென்று வந்த காலத்தில், செஸ்னா 172 என்னும் பழைய சிறு விமானம் ஒன்றில் இரண்டு மணி நேரம் இருந்து இறங்கினால் என் இடுப்பு மரத்துப்போயிருக்கும். மெத்தை தைக்கும் குடும்பத்தில் பிறந்தவன் ஆதலால், பராமரிப்புப் பொறியாளர் அந்த இருக்கையின் உறையைக் கழற்றியபோது உடனிருந்து பார்த்தேன். இடுப்பெலும்பு அழுந்தும் இரண்டு இடங்களிலும் நுரைப்பஞ்சு நசுங்கி, விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. 1956-இல் விற்பனைக்கு வந்த இந்த வகை விமானங்களில் பல பத்தாண்டுகள் பழையவை இன்றும் பறக்கின்றன. எனவே இது பலருக்கும் உள்ள தொல்லை.

மேலே ஒரு மெத்தையைப் போட்டுக்கொள்வது எளிய வழி. செலவும் குறைவு, வேண்டாதபோது எடுத்தும் விடலாம். ஆனால் உள்ளே குழி விழுந்த இடத்தின் மேல் எதைப் போட்டாலும் அதுவும் அந்தக் குழிக்குள்தான் இறங்கும். மேலும் இரண்டு அங்குலம் உயர்ந்தால் கண்மட்டம் மாறுகிறது, தலைக்கு மேலுள்ள இடைவெளி குறைகிறது, தரையிறங்கும்போது ஓடுபாதை பழகிய இடத்தில் தெரிவதில்லை. உயரம் குறைந்த மாணவருக்கு மட்டும் இந்த உயர்வே உதவியாகும். அவருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். செம்மறித் தோல் விரிப்பு எளிதில் தீப்பற்றாது, வியர்வையையும் உறிஞ்சும். ஆனால் நம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பூஞ்சணம் பிடிக்காமல் அதைக் காப்பது பெரும் பாடு.

எங்கள் ஊர்க்காரர்கள் உடனே கேட்பது கதம்பை (தேங்காய் மட்டை) நாரை ரப்பரால் பிணைத்துச் செய்த மெத்தையையும், ரப்பர்ப்பாலில் செய்த நுரைமெத்தையையும்தான். வீட்டுக் கட்டிலுக்கு இரண்டையும் நானே பரிந்துரைப்பேன். முன்னதில் காற்றோட்டம் உண்டு, பின்னது நன்றாக மீண்டெழும். விமானத்துக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் முடிவு. இரண்டும் எளிதில் எரியக்கூடியவை; அதோடு வெயிலில் நிறுத்திய விமானத்துக்குள் ஏறும் வெப்பத்தில் ரப்பர் விரைவில் முதுமையடைந்து நொறுங்கும்.

மீதமிருப்பவை இரண்டு: பழையதைப் போன்ற பாலியூரித்தேன் நுரையைப் புதிதாக வைப்பது, அல்லது அழுத்தத்துக்கு மெல்ல இணங்கி மெல்ல எழும் நுரையை வைப்பது. பின்னதை 1966-இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்லஸ் யோஸ்ட் உருவாக்கினார். விமான இருக்கைக்காகவே பிறந்த பொருள் அது. தடித்த மென்னுரையில் அமர்ந்தவர், விமானம் பலமாகத் தரையில் மோதினால், இருக்கை நின்ற பிறகும் கீழே அமிழ்ந்துகொண்டே போய் அடித்தளத்தில் இடிபடுகிறார். அதனால் முதுகெலும்பில் விழும் சுமை கூடுகிறது. மெல்ல எழும் நுரையோ திடீர் அடிக்கு இறுகி நிற்கிறது. சுகமும் பாதுகாப்பும் ஒரே பொருளில் சேர்வதால் இதன் விலையை நான் பெரிதாக எண்ணவில்லை.

இதன் குறை, வெப்பத்தில் இளகுவதும் குளிரில் கட்டையாவதும் ஆகும். மலைநாட்டுக் குளிரைவிட நம் கடலோர வெயிலே இங்கே கவலை. ஆகவே உறுதியை நிறத்தால் பிரித்து, கான்ஃபர் என்ற வணிகப் பெயரில் விற்கும் மெல்ல எழும் நுரையில் இளஞ்சிவப்பை விட்டுவிட்டு, அதனினும் உறுதியான நீலத்தையோ பச்சையையோ எடுக்க வேண்டும். எதை எடுத்தாலும் தீத்தடுப்புச் சோதனைச் சான்று இருக்க வேண்டும், உரிமம் பெற்ற பொறியாளர் பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். இருக்கையைக் கழற்றும் அதே நாளில் அது நகரும் தண்டவாளத்தின் துளைகளையும் பூட்டு முளையையும் பார்த்துவிடுவது அவசியம்; செஸ்னா இருக்கைகள் பின்னோக்கி வழுக்கியதால்தான் அமெரிக்க வான்போக்குவரத்து நிர்வாகம் அத்தண்டவாளங்களின் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

என் தேர்வு, அடியில் உறுதியான பாலியூரித்தேன் நுரை, மேலே ஓர் அங்குலம் மெல்ல எழும் நுரை, மொத்த உயரம் பழைய அளவே. முன்விளிம்பை மட்டும் ஒரு விரற்கடை சரித்துச் செதுக்கச் சொல்வேன். தொடையின் அடியில் அழுத்தம் நீங்கினால், சுக்கான் மிதியில் வைத்த கால் மரத்துப்போவதில்லை.