ப்ரதர்ஸ் கேம் ரிவ்யூ: டிரிஃப்ட் அடிக்கிற கன்ட்ரோலரோட ஆடி முடிச்சது

மொதல்லயே சொல்லிட்றேன், கடைசி சீன் பத்தியும் எழுதியிருக்கேன், ஆடணும்னு நெனைக்கறவங்க பாதில நிறுத்திக்கோங்க.

கேம் பேரு ப்ரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ், 2013-ல வந்தது, சுவீடன்ல ஸ்டார்பிரீஸ்னு ஒரு ஸ்டுடியோ பண்ணது, டைரக்டர் ஜோசஃப் ஃபேர்ஸ் அதுக்கு முன்னாடி சினிமா எடுத்துட்டு இருந்தவரு. மே மாசம் சேல்ல போட்டிருந்தான், வேலூர் வெயில்ல வெளிய எங்க போறது, சத்துவாச்சாரி வீட்ல ஃபேன் போட்டாலும் அனல் தான் இறங்குது, சரின்னு வாங்கிட்டேன். இத கீபோர்டுல ஆடவே கூடாதுன்னு தோணுச்சு, அதனால டவுன்ல ஒரு கடைல 900 ரூபாக்கு கன்ட்ரோலர் ஒண்ணு எடுத்தேன். நாலே நாள், எடது ஸ்டிக்கு, அதான் கட்டைவிரலால தள்ளற குச்சி, டிரிஃப்ட் அடிக்க ஆரம்பிச்சிடுச்சு, கை வெக்காமலே லேசா இஸ்துகினு போவுது. கடைக்காரர கேட்டா "நீ அழுத்தி புடிச்சிருப்ப தம்பி"ங்கறாரு. இத ஏன் சொல்றேன்னா இந்த கேம்ல எடது ஸ்டிக்கு தான் அண்ணன்.

ஆமா, எடது ஸ்டிக்கும், ஆள்காட்டி விரலால அமுக்கற எடது ட்ரிக்கர் பட்டனும் அண்ணனுக்கு, வலது பக்கம் பூரா தம்பிக்கு, ஒரே ஆள் ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல நடத்தணும். அண்ணனுக்கு பலம், கனமான லீவர் எல்லாம் அவன் இழுப்பான். தம்பி பொடியன், கம்பி சந்துல நுழைஞ்சு போவான். அவனுக்கு நீச்சல் வராது, அம்மா தண்ணில மூழ்கி செத்தத கண்ணால பாத்தவன், அதனால ஆறு வந்தா அண்ணன் முதுக புடிச்சிகினு தான் வருவான். மொத அரை மணி நேரம் ரெண்டும் ஆளுக்கொரு செவுத்துல முட்டிகினு நின்னுச்சுங்க, என் கேஸ்ல அண்ணன் வேற நான் சொல்லாமலே தனியா கெளம்பி போயிட்டே இருந்தான்.

கதைன்னு பாத்தா ரொம்ப சின்னது. அப்பாக்கு ஒடம்பு முடியல, பசங்க ரெண்டு பேரும் அவர வண்டில வெச்சு தள்ளிகினு வைத்தியர் கிட்ட போறாங்க. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கற ஐடா ஸ்கடர் ரோட்ல நின்னா தெனம் நாம பாக்குற காட்சி தானே இது. பின்னாடி ஒக்காந்து பாத்துட்டு இருந்த ஆயா "இன்னாடா சொல்றானுங்க"ன்னு கேட்டுச்சு, எனக்கும் புரியல ஆயா, இவங்க பேசறது எந்த ஊர் பாஷையும் இல்ல, கேமுக்குன்னே உண்டாக்கனதுன்னேன். "அப்பன் நோவுக்கு மருந்து தேடி போறானுங்க, இது கூட புரியாதா"ன்னுச்சு. சப்டைட்டில் கெடையாது, ஆயாவுக்கு தேவையும் படல.

எங்க சித்தப்பா ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர், வீடியோ கேம் கலையா இல்லையான்னு அவருக்கும் எனக்கும் தான் சண்டை. "மலை, ஆறு எல்லாம் நல்லா வரைஞ்சிருக்கான், அவன் கலைஞன், ஒத்துக்கறேன். நீ பட்டன் தட்டறது இன்னா கலை?" ரோஜர் ஈபர்ட்னு பெரிய சினிமா விமர்சகர், அவரும் 2010-ல வீடியோ கேம் என்னிக்கும் கலை ஆகாதுன்னு எழுதுனாரு, கேம்ல ஜெயிக்கலாம், கலைல ஜெயிக்கறதுன்னு ஒண்ணு இல்லன்னு அவர் கட்சி. 2012-ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் 14 கேம எடுத்து கலெக்‌ஷன்ல வெச்சாங்கன்னு சொன்னா சித்தப்பா "மியூசியத்துல நாற்காலி கூட வெப்பான்"ங்கறாரு. அதுவும் நெசம் தான், அங்க நாற்காலியும் இருக்கு.

அப்பறம் தான் வேலூர் கோட்டை ஞாபகம் வந்துச்சு. ஜலகண்டேஸ்வரர் கோயில்ல யானையும் காளையும் ஒரே தலைய பங்கு போட்டுக்கற சிற்பம் இருக்குல்ல, சின்ன வயசுல சித்தப்பா தான் கூட்டிட்டு போய் காட்டுனாரு. ஒரு பக்கம் உள்ளங்கையால மூடுனாரு, யானை. கைய மாத்தி வெச்சாரு, காளை. அங்க நம்ம கைக்கும் வேலை வெச்சு தானே சிற்பி செதுக்கியிருக்கான்? இத சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல, அப்பறம் "அது கல்லுடா"ன்னுட்டாரு.

இப்ப அந்த சீன். அண்ணன் செத்துட்றான், தம்பியே இழுத்துட்டு போய் பொதைக்கணும், அதையும் நாம தான் பண்ணணும். அதுலருந்து எடது கைக்கு வேலை இல்ல. என் ஸ்டிக்கு பழக்கதோஷத்துல டிரிஃப்ட் அடிச்சிகினு தான் இருக்கு, ஸ்கிரீன்ல நடக்க ஆள் இல்ல. மருந்து தண்ணியோட வீட்டுக்கு வர்ற வழில ஆறு. வலது ட்ரிக்கர அமுக்கறேன், தம்பி பயந்து நிக்கறான், மறுபடி அமுக்கறேன், ம்ஹூம். ரொம்ப நேரம் கழிச்சு தான் எடது ட்ரிக்கர், அதான் அண்ணனோட பட்டன், அத தொட்டேன். தம்பி தண்ணில எறங்கி நீந்தறான். கேம்ல நான் ஜெயிச்சேன், அப்பா பொழச்சிட்டாரு, ஆனா ஜெயிச்சவன் மாதிரியா ஒக்காந்திருந்தேன்? இத யூடியூப்ல பாத்தா ஒரு பையன் நீந்தறான், அவ்ளோ தான் தெரியும்.

குறைன்னா புதிர் எல்லாம் ரொம்ப ஈஸி, மூணு நாலு மணி நேரத்துல முடிஞ்சிடும், முழு வெலைக்கு வாங்காதீங்க. 2024 ரீமேக்ல ரெண்டு பேர் சேந்து ஆடற மாதிரியும் வெச்சிருக்காங்க, மொத தடவை அப்படி ஆடிடாதீங்க, ரெண்டு பக்கமும் ஒரே ஆளோட கையா இருந்தா தான் அந்த சீன் வேலை செய்யும்.

சித்தப்பாவையும் ஆட வெச்சேன். பத்து நிமிஷத்துல "ரெண்டு கையும் ரெண்டு பக்கம் போவுது, அண்ணன் வேற சொன்ன பேச்சு கேக்க மாட்றான்"னு கீழ வெச்சிட்டாரு. அது கன்ட்ரோலர் தப்புன்னா நம்ப மாட்றாரு.