கறிவேப்பிலை கொட்டுகிறதா? தண்ணீர்க் கதையை விடுங்கள், முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள்

ரொறன்ரோவில் கறிவேப்பிலை வைத்திருக்கிற வீடுகளில் மார்கழி பிறந்தால் ஒரே கதைதான், இலை மஞ்சளாகிக் கொட்டுது, என்ன செய்ய என்று. அதற்கு ஒருவர் தண்ணீர் காணாது என்பார், அடுத்தவர் தண்ணீர் கூடிப்போச்சு என்பார், மூன்றாமவர் மோர் ஊற்றச் சொல்லுவார். சாடி எங்கே இருக்கிறது, அதற்கு எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று கேட்கிற ஆளை நான் இன்னும் காணவில்லை. பல குளிர்காலமாக பேஸ்மென்டில் ஒரு வெள்ளை எல்ஈடி பலகை லைட்டின் கீழ் இரண்டு கறிவேப்பிலையும் சில மிளகாய்ச் செடிகளும் வைத்து வளர்த்து வருகிறேன். அந்த லைட் எப்படி, கூட வாங்கிய சாமான்கள் எப்படி, இலையைப் பார்த்து எதை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் லைட். பெட்டியில் 1000 வாட் என்று பெரிதாகப் போட்டிருந்தது. சுவரில் மின் அளவி கொழுவிப் பார்த்தால் 100 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கிறது, அவ்வளவுதான். பழைய வகை பல்புகளோடு ஒப்பிட்டு அந்தப் பெரிய எண்ணைப் போடுகிறார்களாம், அநேகமாக எல்லாக் கம்பனிகளும் இதே விளையாட்டுத்தான். ஆகவே வாங்கும்போது உண்மையில் எத்தனை வாட் இழுக்கும் என்று சின்ன எழுத்தில் இருப்பதை மட்டும் பாருங்கள். 100 வாட் நல்ல பலகை என்றால் இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்குத் தாராளமாகக் காணும், நாலடி மேசை முழுவதையும் அதால் நிரப்பலாம் என்று நம்ப வேண்டாம்.

கறண்ட் செலவைக் கேட்பவர்களுக்கு: 100 வாட், 14 மணி நேரம், ஒரு நாளைக்கு 1.4 யூனிட், மாதம் 42 யூனிட். ஒன்ராறியோவின் நேரக் கட்டணத்தில் இரவு 7 முதல் காலை 7 வரை மலிவு நேரம், சனி ஞாயிறு முழுநாளும் மலிவு. யன்னல் இல்லாத பேஸ்மென்டில் இருக்கிற செடிக்கு இரவு எது பகல் எது என்று தெரியப் போவதில்லை, எனவே என் ரைமர் இரவு 7 மணிக்குப் போட்டு காலை 9 மணிக்கு நிறுத்துகிறது. யன்னலோரம் வைப்பவர்களுக்கு இந்தத் தந்திரம் சரிவராது. அவர்கள் பகல் வெளிச்சத்தோடு சேர்த்து பின்னேரத்தை நீட்டிக் கொடுக்க வேண்டும், செடிக்கும் சில மணி நேரமாவது இருட்டு இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயம். மார்கழியில் இங்கே பகல் 9 மணி நேரம்கூட முழுதாக இல்லை, ஆனியில் 15 மணிக்கு மேல். அத்தோடு மேகம். யன்னலோரத்தில் பகல் வெளிச்சமாகத்தானே இருக்கிறது என்று நமக்குத் தோன்றும், ஏனென்றால் நம் கண் இருட்டுக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். போனில் லக்ஸ், அதாவது நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் அளவு, அளக்கிற இலவசச் செயலி ஒன்றை இறக்கி வைத்துப் பாருங்கள். மேகமூட்டமான மார்கழி நாளில் தெற்கு யன்னலில்கூட இரண்டாயிரம் மூவாயிரம் லக்ஸ் வந்தால் பெரிய விஷயம், வெளியே கோடை வெயில் ஒரு லட்சம் லக்ஸ். செடிக்குப் பயன்படுகிற அளவாக மாற்ற, வெள்ளை எல்ஈடி என்றால் லக்ஸை ஏறத்தாழ 70 ஆலும் சூரிய ஒளி என்றால் 54 ஆலும் பிரிக்கலாம், வருகிற எண் மைக்ரோமோல் கணக்கு, ஒரு சதுர மீற்றரில் ஒரு வினாடிக்கு விழுகிற ஒளி. யன்னலில் 50 வந்தாலே அதிகம். என் பலகையின் கீழ் இலை மட்டத்தில் 250 வைத்திருக்கிறேன், 14 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் அது ஒரு நாளைக்கு 12 மோலுக்குக் கொஞ்சம் மேல் (ஒரு மோல் பத்து லட்சம் மைக்ரோமோல்). இந்த அளவில் கறிவேப்பிலை தை மாதத்திலும் துளிர் விடுகிறது. மிளகாய் பூத்துக் காய்க்க இன்னும் கூடுதலாகக் கேட்கிறது, அதனால் அதைப் பலகையின் நடுவுக்கு நேர் கீழே, மற்றவற்றைவிட உயரத்தில் வைத்திருக்கிறேன். போன் அளவீடு துல்லியமில்லை, ஆனால் 30 ஆ 250 ஆ என்கிற வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள அது போதும்.

இதற்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாச் சம்பந்தமும்தான். வெளிச்சம் குறைந்தால் இலை தண்ணீரை ஆவியாக்குவது குறையும், வேர் குடிப்பதும் குறையும். கோடையில் இரண்டு நாளைக்கு ஒருதரம் ஊற்றிய அதே தண்ணீர் குளிர்காலத்தில் பத்து நாளானாலும் மண்ணில் அப்படியே நிற்கும். வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் அழுகத் தொடங்கும், அடி இலை மஞ்சளாகும். அதைப் பார்த்துவிட்டு மனிதர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார், இலை வாடியிருக்கிறதே! வேர் அழுகினாலும் இலை வாடத்தான் செய்யும், குடிக்க வேர் இல்லையே.

இரண்டு வாட்டத்தையும் பிரித்துப் பார்க்க நான் செய்வது: சாடியைத் தூக்கிப் பார்ப்பேன். தாகத்தில் வாடிய செடியின் சாடி இலேசாக இருக்கும், இலை மெலிந்து துவண்டு இருக்கும், மண் சாடியின் ஓரத்திலிருந்து விலகி இடைவெளி விட்டிருக்கும். தண்ணீர் கூடியதென்றால் சாடி கனக்கும், இலை தொங்கினாலும் தடிப்பாக இருக்கும், அடித் துளையில் மூக்கை வைத்தால் ஒரு புளித்த நாற்றம் வரும், மேலே சின்னக் கறுப்புக் கொசு மாதிரிப் பூச்சி பறக்கும். அந்தப் பூச்சி ஈரமான மேல்மண்ணில்தான் முட்டையிடும், மேல் ஓர் அங்குலம் நன்றாகக் காயவிட்டு மஞ்சள் ஒட்டுத்தாள் இரண்டைக் குத்தி வைத்தால் அடங்கிவிடும்.

பீற் மொஸ் (சதுப்பு நிலத்துப் பாசி மட்கியது) கலந்த மண் ஒருதரம் எலும்பாய்க் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது என்பதையும் சொல்ல வேண்டும். மேலே ஊற்ற ஊற்ற ஓரத்து இடைவெளியால் வழிந்து கீழ்த் தட்டில் நிற்கும், ஊற்றியவர் நன்றாக ஊற்றிவிட்டேன் என்று நினைப்பார், உள்ளே வேர் காய்ந்தே கிடக்கும். சாடியை ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் இருத்தி எடுத்தால் சரி. கூடத் தண்ணீர் விடுவது என்றால் ஒரே தடவையில் நிறைய ஊற்றுவது என்று கனபேர் நினைக்கிறார்கள். அடியால் வழியும்வரை ஊற்றுவதில் பிழையே இல்லை, உப்பும் கழுவுப்படும். காய முன்னர் திரும்பத் திரும்ப ஊற்றுவதுதான் வேரைக் கொல்லும்.

ஈரம் காட்டும் குத்தூசி மீற்றர், பச்சை நிறத்தில் இரண்டு கம்பியோடு விற்பார்களே, அதை வாங்க வேண்டாம். அது ஈரத்தை நேரடியாக அளப்பதில்லை, மண்ணில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்றுதான் பார்க்கிறது. பசளை உப்புச் சேர்ந்த மண்ணில் ஈரம் என்று காட்டும், பேர்லைற் (மண்ணில் கலக்கிற இலேசான வெள்ளைக் குருணை) கூடிய தளர்ந்த மண்ணில் கம்பி சரியாகத் தொடாமல் காய்ந்தது என்று காட்டும். என்னுடையது இப்போது லாச்சிக்குள் கிடக்கிறது.

ஊதா நிற லைட்டும் வேண்டாம். செடி அதில் வளரும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் செடிக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று கண்டுபிடிக்க முடியாது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிற ஒரு அக்கா, "தம்பி, இது என்ன வருத்தம்?" என்று படம் அனுப்பினா. அந்த ஊதாவில் எல்லா இலையும் கறுப்பாகவே தெரிந்தது. செடியைத் தூக்கிக்கொண்டு குசினி வெளிச்சத்துக்குப் போய் எடுத்து அனுப்புங்கோ என்றேன், அப்போதுதான் புதுத் துளிர் மட்டும் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நிற்பது தெரிந்தது. இது தண்ணீர்க் குறையும் இல்லை, வெளிச்சக் குறையும் இல்லை, இரும்புச் சத்து ஏறாத குணம். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான், அந்தக் குடும்பத்துச் செடிகளுக்கு இது அடிக்கடி வரும். நம் குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரித் தண்ணீர், ஓரளவு கடினத் தண்ணீர், தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் காரத்தன்மை ஏறி இரும்பு மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காமல் போகும். கீலேற் வடிவ இரும்பு, அதாவது வேர் எடுக்கக்கூடியபடி கட்டிய இரும்பு, கொடுத்தால் அடுத்த துளிர் பச்சையாக வரும். இதுவே பழைய இலையில் நரம்புக்கிடையே மஞ்சள் வந்தால் மக்னீசியக் குறையாக இருக்கலாம். அடி இலை முழுவதுமாக மஞ்சளானால் திரும்ப வேர்ப் பக்கம் போய்ப் பாருங்கள்.

வெளிச்சம் கூடினாலும் தொல்லை உண்டு. பலகைக்கு நேர் கீழே இருக்கிற நுனி இலை மட்டும் வெளிறும், ஓரம் மேல்நோக்கி மடியும், கீழ் இலைகள் நன்றாகவே இருக்கும். அந்த 'மட்டும்' என்பதுதான் அடையாளம். பலகையை அரை அடி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் குமிழைத் திருகி ஒளியைக் குறையுங்கள். வெளிச்சம் காணாவிட்டால் கணுவுக்குக் கணு நீண்டு, தண்டு மெலிந்து, ஒரு பக்கமாகச் சாயும்.

பேஸ்மென்ட்காரர்களுக்கு இன்னொன்று. சீமெந்து நிலத்தில் நேரே வைத்த சாடியின் மண் குளிர்ந்துபோகும், குளிர்ந்த வேர் தண்ணீர் இழுக்காது, பார்த்தால் தண்ணீர் கூடிய செடி மாதிரியே இருக்கும். எனக்கு இரண்டாவது குளிர்காலத்தில் பெரிய வித்தியாசம் காட்டியது லைட்டில் செய்த எந்த மாற்றமும் இல்லை, சாடிக்குக் கீழே வைத்த ஒரு துண்டு ஸ்ரைரோபோம்.

எல்லா இலையும் கொட்டினாலும் தூக்கி எறியாதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை என்றால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து வையுங்கள், பசளை போடவே வேண்டாம், சித்திரையில் துளிர்க்கும். வைகாசிப் பிற்பகுதியில் வருகிற விக்ரோறியா நாள் விடுமுறை கழிந்து வெளியே வைக்கும்போது முதல் வாரம் நிழலில் வைக்க வேண்டும், எல்ஈடியில் வளர்ந்த இலையை நேரே வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெளிறிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் ஒரு சின்னச் செடிக்காகப் பலகை வாங்கத் தேவையில்லை. கராஜுக்குப் போடுகிற நாலடி வெள்ளை எல்ஈடி லைட், 40 வாட் அளவு, அதை இலைக்கு ஆறு அங்குலம் மேலே தொங்கவிட்டால் நாற்றுக்கும் இளஞ்செடிக்கும் போதும். செடி இடுப்பளவு வளர்ந்த பிறகு அதன் வெளிச்சம் அடிக்கு எட்டாது, பலகைக் கதையை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.