தண்ணீர்ச் செடி என்று தலையில் கட்டப்படும் தரைச் செடிகள்: வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை

மீன் தொட்டிக்கு உயிருள்ள செடி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். விற்றவரின் பெயரை எழுதப் போவதில்லை. ஒருவரிடம் தப்பித்தாலும் அடுத்தவர் இதே வித்தையைக் காட்டக்கூடும் என்பதால், வித்தை என்ன என்று தெரிந்தால் போதும்.

நான் கேட்டது தெளிவாகத்தான் இருந்தது: முழுக்க முழுக்க நீருக்குள் மூழ்கி வளரும், புதியவர்களுக்கு ஏற்ற செடிகள். "ஆரம்பநிலைத் தொகுப்பு" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் அனுபியாஸ், வாலிஸ்னேரியா, ஒரு கிரிப்டோகொரைன் ஆகிய மூன்றும் அசல் தண்ணீர்ச் செடிகள். மிச்சம்? லக்கி பாம்பூ, மாண்டோ கிராஸ், பீஸ் லில்லி, அடிப்பக்கம் ஊதாவாக மின்னும் சுருங்கிய இலைச் செடி ஒன்று. இவை எல்லாமே பூந்தொட்டியில் வளர வேண்டியவை. லக்கி பாம்பூ மூங்கில்கூட இல்லை, டிரசீனா இனம். வேர் தண்ணீரில் இருந்தால் நன்றாக வாழும். இலையும் மூழ்கினால் அழுகும். இந்தக் கலவைதான் சாமர்த்தியம். ஏழில் மூன்று நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால், செத்ததற்குக் காரணம் நம் பராமரிப்பு என்றுதான் தோன்றும்.

இன்னொரு சாமர்த்தியம் காலக்கணக்கு. தரைச் செடி தண்ணீரில் போட்டவுடன் சாகாது. தண்டிலும் வேரிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துக்கொண்டு சில வாரங்கள், சிலது மாதக்கணக்கில்கூடப் பச்சையாகவே நிற்கும். அழுக ஆரம்பிக்கும்போது, திருப்பித் தருவதற்கான கெடு எப்போதோ முடிந்திருக்கும்.

ஏன் அழுகுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், தண்ணீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். அசல் நீர்ச்செடியின் மூழ்கிய இலை பெரும்பாலும் மிக மெல்லியது, மெழுகுப் பூச்சு கிட்டத்தட்ட இல்லை. அதனால் இலைப் பரப்பு முழுவதாலும் வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். தரைச் செடியின் இலை தடிமனாக, மெழுகு பூசி, இலைத்துளைகளை நம்பி வாழ்வது. மூழ்கடித்தால் அதற்கு மூச்சு முட்டும். லைட்டைக் கூட்டினாலும் உரத்தைக் கொட்டினாலும் இது மாறாது.

புகார் சொன்னபோது வந்த பதில்தான் எனக்கு அதிகம் எரிச்சல் தந்தது. "சார், இது மெல்டிங். புதுத் தண்ணீருக்கு வந்தால் எந்தச் செடியும் உருகும், அப்புறம் தானாகத் துளிர்க்கும், பொறுமையாக இருங்கள்." பாதி உண்மை. கிரிப்டோகொரைன் உண்மையிலேயே அப்படி உருகும். பண்ணைகளில் பல நீர்ச்செடிகளை ஈரக்காற்றில், நீருக்கு வெளியேதான் வளர்க்கிறார்கள். தொட்டிக்குள் வந்ததும் பழைய இலையை உதிர்த்துவிட்டு, மூழ்கி வாழத் தகுந்த புது இலையை விடும். அந்த உண்மையைப் பீஸ் லில்லிக்கும் போர்த்திவிட்டார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. உருகுகிற கிரிப்டோவின் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்கும். சில வாரங்களில் நடுவிலிருந்து சின்ன இலை எட்டிப்பார்க்கும். தரைச் செடியாக இருந்தால் தண்டும் வேரும் கொழகொழத்து, வெளியே எடுத்தாலே நாறும்.

பொறுமைக்குக் கூடவே ஒரு பாட்டிலையும் விற்றார்கள், "திரவ கார்பன்" என்று. இந்தப் பெயரில் வருபவற்றில் பெரும்பாலானவை குளூட்டரால்டிஹைடு அல்லது அதன் உறவினர். பாசியை அடக்க உதவும், ஆனால் அடிப்படையில் கிருமிநாசினி. வாலிஸ்னேரியாவுக்கும், மாஸ் எனப்படும் சில பாசிச்செடிகளுக்கும் அது ஒத்துக்கொள்ளாது. அளவோடு ஊற்றியும் என் தொட்டியில் நன்றாக இருந்த வாலிஸ்னேரியா கண்ணாடிபோல வெளிறிக் கரைந்தது. அசல் செடியையும் கொன்றாயிற்று.

இதோடு முடிந்திருந்தால் காசோடு போயிற்று என்று விட்டிருப்பேன். அழுகும் இலை அமோனியாவை விடும். மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து திணறின. டெஸ்ட் கிட்டில் அமோனியா 0 காட்ட வேண்டிய இடத்தில் நிறம் பச்சைக்குத் தாவியிருந்தது. தண்ணீரின் பிஹெச்சும் வெப்பமும் கூடக் கூட அதே அளவு அமோனியாவின் நச்சும் கூடும் என்பதால், உடனே அழுகியதையெல்லாம் வாரி எடுத்து, குளோரின் நீக்கிய தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினேன். எல்லா மீனும் பிழைக்கவில்லை.

அந்தத் தொகுப்பில் "கார்பெட் விதை" பொட்டலம் ஒன்றும் இருந்தது. தூவினால் தரையெங்கும் பச்சைக் கம்பளம், அட்டையில் மான்டே கார்லோ என்ற கம்பளச் செடியின் படம். மான்டே கார்லோ, குளோசோஸ்டிக்மா, ஹேர்கிராஸ் போன்றவை செடியாகவோ திசு வளர்ப்புக் கப்பிலோதான் (ஆய்வகத்தில் கிருமியின்றி வளர்த்து மூடிய கப்பில் விற்பது) வரும். விதைப் பொட்டலமாக வருவதை நம்பாதீர்கள். இப்படி விற்கப்படுபவற்றில் தரைச் செடி விதைகளும், கம்பளமாகப் படராமல் உயர்ந்து வளரும் ஹைக்ரோபிலா வகைகளும்தான் இருக்கும். முளைப்பது அழகாகத்தான் முளைக்கும். அந்த அழகான வாரத்தில் படம் எடுத்து எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள், விமர்சனங்கள் பளபளப்பது அதனால்தான். வெறும் ஈர மண்ணில் முளைக்கவைத்துப் பிறகு தண்ணீர் நிரப்பச் சொன்னால் இன்னும் மோசம், அழுகும்போது மொத்தமாக அழுகும்.

வாங்கும்போது தாவரவியல் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம். பெயர் கிடைத்தால், அது நீருக்குள் மூழ்கி வளர்கிறதா என்று தேடிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. தண்ணீரிலிருந்து தூக்கினால் துவள்வதுதான் நீர்ச்செடி என்று ஒரு சோதனை சொல்வார்கள். மூழ்கியே வளர்ந்த தண்டுச் செடிகளுக்கு அது சரி, அனுபியாஸுக்கு உதவாது, அது விறைப்பாகவே நிற்கும். சிங்கோனியம், டிராகன் ஃபிளேம், பர்ப்பிள் வாஃபிள் என்று ஆசை காட்டும் தரைச் செடிப் பெயர்களையும் தள்ளிவையுங்கள். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் "மண்ணில் நன்றாகப் புதையுங்கள்" என்று சொல்கிற கடையிலும் கவனம் தேவை. அவற்றின் கிடைமட்டத் தண்டு புதைந்தால் அழுகும், கல்லிலோ கட்டையிலோ கட்டிவிட வேண்டும். இறால் வளர்ப்பவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: செடியில் பூச்சிக்கொல்லி தெளித்ததா? மீன் தாங்குகிற அளவே இறாலைக் கொன்றுவிடும். திசு வளர்ப்புச் செடியில் இந்தப் பயம் இல்லை, நத்தை முட்டையும் வராது.

பணம் திரும்பி வரவில்லை. அதே மதிப்புக்கு வேறு செடி தருவதாகச் சொன்னார்கள், பட்டியலின் முதல் வரியில் சிங்கோனியம். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஏற்கெனவே இவற்றைத் தொட்டியில் போட்டிருப்பவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள். அழுகாத லக்கி பாம்பூவையும் பீஸ் லில்லியையும் தூக்கி எறிய வேண்டாம். வேர் மட்டும் தண்ணீரில் தொங்க, இலை முழுக்க வெளியே இருக்கும்படி தொட்டி விளிம்பிலோ பில்டரின் வாயிலோ பொருத்தினால் நன்றாகவே வளரும், தண்ணீரில் சேரும் நைட்ரேட்டையும் உறிஞ்சும்.