"நல்ல கேள்வி" என்றார், நம்பிப் பணம் கட்டினேன்

நேற்று இரவு அந்தக் கடைசி மின்னஞ்சல் வந்ததிலிருந்து தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் குணம் அப்படி. போனது அரை மாதச் சம்பளம். ஆன்லைனில் கிதார் சொல்லித்தரும் ஒரு தளத்துக்குக் கட்டிய பணம். தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எனக்குப் பதில் போடுவதில் காட்டாத சுறுசுறுப்பை வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் காட்டுவார்கள் என்று தோன்றுகிறது. இவர்களிடமிருந்து எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நான் விழுந்த கதை.

கிதார் எனக்குப் புதிதல்ல. இரண்டு வருடமாக வீடியோக்களைப் பார்த்து நானே வாசித்துப் பழகியவன். ஜி, டி, இ மைனர், சி என்று நான்கு கார்டுகள் (chord, ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம்) கைவசம் உண்டு. அவற்றை வைத்தே பத்துப் பதினைந்து பாட்டுகளை ஒப்பேற்றிவிடுவேன். ஆனால் இந்த நான்கும் ஏன் எப்போதும் ஒரே கூட்டமாக வருகின்றன என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை. ஆள்காட்டி விரல் இங்கே, நடுவிரல் அங்கே, அவ்வளவுதான். கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறுவது மாதிரி. கால் பழகிவிடும், எத்தனை படி என்று தெரியாது.

அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "எங்கே விரல் வைப்பது என்று எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று நாங்கள் சொல்வோம்." எனக்காகவே எழுதியது போல் இருந்தது. இலவச டெமோ வகுப்பு, நேரலையில் 40 நிமிடம். சேர்ந்தேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், அந்த 40 நிமிடமும் அருமையாக இருந்தது. ஆசிரியர் ஜி கார்டிலிருந்து இ மைனருக்குப் போனார். "இது ஏன் இவ்வளவு இதமாகக் கேட்கிறது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரை எழுத்துகள்தான் பெயர். ஜி கார்டில் இருப்பவை ஜி, பி, டி. இ மைனரில் இருப்பவை இ, ஜி, பி. மூன்று பேரில் இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை, டி மட்டும் பக்கத்து நாற்காலியில் இருந்த இ-க்கு இடம் விட்டுப் போனது. இரண்டு வருடமாக நான் தினமும் செய்துகொண்டிருந்த விரல் மாற்றம் அது. முதல் தடவையாக அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தது.

சிலிர்த்துப் போய் மைக்கை ஆன் செய்து, ஷார்ப் பற்றி, அதாவது இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வரும் சுரத்தைப் பற்றி, ஒரு கேள்வி கேட்டேன். "ஏ-க்கும் பி-க்கும் நடுவில் ஒரு ஷார்ப் இருக்கிறது, டி-க்கும் இ-க்கும் நடுவில் இருக்கிறது. இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் மட்டும் ஏன் இல்லை?" அவர் ஒரு நொடி நிறுத்தி, சிரித்து, "நல்ல கேள்வி! இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. 6-ம் பாடம் முழுக்க இதுதான், அங்கே பார்ப்போம்" என்றார்.

அந்த "நல்ல கேள்வி"யில்தான் நான் கவிழ்ந்தேன். பள்ளியில்கூட என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வகுப்பு முடிந்து பத்து நிமிடத்தில், "இன்று இரவு 12 மணி வரை மட்டும்" என்று ஒரு கடிகாரம் திரையில் ஓட, அரை மாதச் சம்பளத்தைக் கட்டினேன். மனைவியிடம் மறுநாள்தான் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மொத்தம் 72 வீடியோ. நேரலை எதுவும் கிடையாது, எல்லாம் பதிவு செய்தவை. 6-ம் பாடத்தைத்தான் முதலில் திறந்தேன். தலைப்பு "விரல்களுக்கு வலிமை". மூன்றரை நிமிடம். ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு, மறுபடியும் ஆள்காட்டி. சரி, பாட வரிசையை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்து 7, 8, 9 என்று போனேன். எல்லாவற்றிலும் அதே "இங்கே வை, அங்கே வை". கேமரா மட்டும் நன்றாக இருந்தது. விரல்கள் பளிச்சென்று தெரிந்தன. வீடியோ எடுத்தவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

23-ம் பாடம் கம்பிகளைச் சுருதி சேர்ப்பது. (ஃப்ரெட் என்பது கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக்கட்டை, தலைப் பக்கமிருந்து எண்ணுவார்கள்.) ஆறாவது கம்பியை 5-வது ஃப்ரெட்டில் அழுத்தினால் வரும் ஒலிதான் ஐந்தாவது கம்பி. அதை 5-வது ஃப்ரெட்டில் அழுத்தினால் நான்காவது கம்பி. இப்படியே போய், "மூன்றாவது கம்பியில் மட்டும் 4-வது ஃப்ரெட், மறந்துவிடாதீர்கள்" என்றார். ஏன் மட்டும்? அந்த ஏனுக்குத்தானே காசு கொடுத்தேன்? பாடத்தின் கீழே இருந்த "ஆசிரியரைக் கேளுங்கள்" பெட்டியில் கேட்டேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது: "ட்யூனர் ஆப் பயன்படுத்துங்கள், எளிதாக இருக்கும்." பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம்.

தியரி என்று இருந்தது 5 பக்கப் பி.டி.எஃப் ஒன்றுதான். அதில் ஒரு பக்கம் முழுக்க, 12 எழுத்துகளைக் கடிகாரம் போல வட்டமாக அடுக்கிய ஒரு படம். கீழே ஒரே வரி: "இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்." அது எதற்கு, எப்படிப் பார்ப்பது, ஒன்றும் இல்லை. ஜி சுருதிக்கு ஒரு ஷார்ப், வட்டத்தில் அடுத்த டி-க்கு இரண்டு, அடுத்த ஏ-க்கு மூன்று என்று அந்தப் படம் எவ்வளவோ சொல்லும். யாராவது வாயைத் திறந்தால்தானே!

அப்படியும் விடாமல் 58-ம் பாடம் வரை பார்த்தேன். பணம் கட்டிவிட்டோமே என்கிற வீம்பு. அதன்பின் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அலுவலக நண்பர் வீட்டு விசேஷம். கூட வேலை பார்க்கும் ஒரு தோழி பாடுவார், நான் வாசிக்க வேண்டும். கேப்போவை (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கவ்வி) 2-வது ஃப்ரெட்டில் மாட்டி, ஜி, டி, இ மைனர், சி என்று வீட்டில் பழகியபடியே தொடங்கினேன். இரண்டு வரி பாடிவிட்டு, "சுருதி ரொம்ப மேல இருக்குங்க, கொஞ்சம் இறக்குங்க" என்றார். இறக்குவது என்றால் என்ன செய்வது? கேப்போவை நகர்த்த வேண்டும் என்று மட்டும் தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியாது. கிதாரின் தலைதான் மேலே இருக்கிறது, உடல் கீழே இருக்கிறது, அதனால் இறக்குவது என்றால் உடல் பக்கம் என்று கேப்போவை 4-வது ஃப்ரெட்டுக்குத் தள்ளினேன். அவர் பாட வாய் திறந்தார், குரல் உடைந்தது. "என்னங்க, இன்னும் மேல போயிடுச்சு!" கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்வது.

அங்கே அவருடைய தம்பி ஒருவன், பள்ளியில் படிக்கிற பையன், கீபோர்டு வாசிப்பவன். "கேப்போவைக் கழட்டிடுங்க அங்கிள்" என்றான். கழற்றினேன். சரியாகிவிட்டது. அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிட்டேன்.

விசேஷம் முடிந்ததும் அவனைப் பிடித்து உட்காரவைத்தேன். கையில் கிடைத்த ஒரு உறையின் பின்புறம் எழுதிக் காட்டினான். அரை மாதச் சம்பளத்துக்குக் கிடைக்காதது இருபது நிமிடத்தில் கிடைத்தது. அதை இங்கே அப்படியே போடுகிறேன், யாருக்காவது உதவட்டும்.

ஒரு ஃப்ரெட் என்பது அரைப்படி. 12 ஃப்ரெட் ஏறினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் வரும். 12-வது ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது, அதனால் ஒலியின் அதிர்வு இரட்டிப்பாகிறது. கேப்போவை உடல் பக்கம் தள்ளத் தள்ளக் கம்பியின் நீளம் குறைகிறது, சுருதி ஏறுகிறது. என் அவமானத்துக்குக் காரணம் இந்த ஒரு வரி தெரியாததுதான்.

அடுத்தது மேஜர் ஸ்கேல். ஒரே கம்பியில் 2, 2, 1, 2, 2, 2, 1 என்று ஃப்ரெட்டுகளைத் தாண்டினால் வருவது. கூட்டினால் 12. வாசித்துப் பாருங்கள், நமக்குத் தெரிந்த சங்கராபரணத்தின் ச ரி க ம ப த நி ச. சி-யில் தொடங்கி ஷார்ப் இல்லாத எழுத்துகளாகவே போனால் மூன்றாவது இ, நான்காவது எஃப். அந்த இடத்தில் தாண்டுவது 1 மட்டும். அதனால்தான் இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் யாரும் இல்லை. பி-க்கும் சி-க்கும் நடுவிலும் அதே கதை. என்னுடைய "நல்ல கேள்வி"க்குப் பதில் இவ்வளவுதான்! 6-ம் பாடம் முழுக்க வேண்டாம், ஒரு நிமிடம் போதும்.

இனி, ஸ்கேலில் ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று சுரங்களை எடுத்தால் கார்டு. முதல் இடைவெளி 4 ஃப்ரெட், அடுத்தது 3 என்றால் மேஜர். முதலில் 3, பிறகு 4 என்றால் மைனர். ஜி ஸ்கேலில் ஒவ்வொரு சுரத்தின் மேலும் இப்படி அடுக்கினால் ஜி, ஏ மைனர், பி மைனர், சி, டி, இ மைனர், கடைசியாக எஃப் ஷார்ப் டிமினிஷ்ட் (இதில் இரண்டு இடைவெளியும் 3). என் நான்கு கார்டுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிகிறதா? அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். எண் போட்டால் 1, 5, 6, 4. எண்ணாகத் தெரிந்துவிட்டால் எந்தச் சுருதிக்கும் மாற்றலாம். தோழி இன்னும் ஒரு படி, அதாவது ஜி-யிலிருந்து இரண்டு ஃப்ரெட் அளவு, இறக்கச் சொல்லியிருந்தால் கேப்போவை 3-வது ஃப்ரெட்டில் மாட்டி டி, ஏ, பி மைனர், ஜி வாசிக்க வேண்டும். அப்போது ஒலிப்பது எஃப் சுருதி. கேப்போ ஏறுகிறது, பாட்டு இறங்குகிறது. விரல் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு இது சாகும்வரை புரியாது.

அந்த மூன்றாவது கம்பி விஷயத்தையும் கேட்டேன். பையன் கொஞ்சம் யோசித்து, எண்ணிப் பார்த்துச் சொன்னான். எல்லாக் கம்பிகளுக்கும் இடையில் 5 அரைப்படி வைத்தால் இ, ஏ, டி, ஜி, சி, எஃப் என்று போய் முதல் கம்பி எஃப்-இல் முடியும். ஓரிடத்தில் மட்டும் 4 என்று குறைத்தால் கடைசி இரண்டும் பி, இ ஆகிவிடும். ஆறாவது கம்பியும் முதல் கம்பியும் இரண்டுமே இ, சரியாக இரண்டு ஸ்தாயி இடைவெளி. நாம் சாதாரணமாகப் பிடிக்கும் கார்டுகள் ஒரு கைக்குள் அடங்குவதும் அதனால்தான். கிதாரே வாசிக்காத பையன், எண்ணிச் சொன்னான்!

மறுநாள் காலையில் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். "72 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம்" என்று தானியங்கிப் பதில். ஒன்பது நாள் ஆயிற்று. பிறகு ஒரு மின்னஞ்சல்: "கிதார் என்பது உணர்வு. தியரியைப் பற்றிக் கவலைப்படாமல் மகிழ்ச்சியாக வாசியுங்கள்." விளம்பரத்தில் "ஏன் என்று சொல்வோம்" என்றவர்கள் எழுதியது இது. நான் விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பினேன். பதிலுக்கு, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று வந்தது.

தொலைபேசியில் பிடித்தேன். மூன்றாவது முறையில் ஒரு பையன் எடுத்தான்.

"சார், எத்தனை பாடம் பார்த்திருக்கீங்க?"

"58."

"பத்துப் பாடத்துக்கு மேல பார்த்துட்டா ரீஃபண்ட் வராதுங்க சார்."

"தம்பி, உள்ளே தியரி இல்லை என்று பார்க்காமல் எப்படித் தெரியும்?"

"அது விதிமுறையிலேயே இருக்குங்க சார்."

"6-ம் பாடத்தில் இருக்கும் என்று உங்கள் ஆசிரியர் சொன்னாரே?"

"டெமோவுல சொல்றது கோர்ஸ்ல வராதுங்க சார்."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னான். பாவம், ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறானோ.

நேற்று வந்தது என்ன தெரியுமா? "பழைய மாணவர் என்பதால் உங்களுக்கு மட்டும் 15 சதவீதத் தள்ளுபடி: கிதார் தியரி, முழுமையான பயிற்சி." தனி கோர்ஸ், தனிக் கட்டணம். விளம்பர வீடியோவைத் திறந்தேன். என் குரல். "இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் மட்டும் ஏன் இல்லை?" அதற்கு ஆசிரியர் "நல்ல கேள்வி!" என்று சிரிக்கிறார். 6-ம் பாடம் என்று சொன்ன வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

விவரமாக ஆலோசனை சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. டெமோவைப் பார்த்து ஏமாறாதீர்கள், நடுவிலிருந்து ஒரு பாடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடிகாரம் ஓடும் பக்கத்தில் பணம் கட்டாதீர்கள். ரீஃபண்ட் விதியில் எத்தனை பாடம் என்று எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள், நான் பார்க்கவில்லை. டெமோவில் அவர்கள் தரும் வாக்குறுதியை எழுத்தில் கேளுங்கள். மைக்கை ஆன் செய்யாதீர்கள்.

அரை மாதச் சம்பளம். அட்டை நிறுவனத்துக்குப் புகார்ப் படிவம் நிரப்ப வேண்டும், அதில் "பெற்ற சேவையை விவரிக்கவும்" என்று நான்கு வரிதான் இடம் விட்டிருக்கிறார்கள்.