முகம் வரைய அக்ரிலிக்கா, எண்ணெய் வண்ணமா?

தாத்தா பாட்டியின் பழைய படத்தைப் பார்த்து முகம் வரைய ஆசைப்படும் பினாங்கு நண்பர்கள் பலர் தடுமாறும் இடம் இது.

செலவு: அக்ரிலிக்கைக் கரைக்கத் தண்ணீரே போதும். எண்ணெய் வண்ணத்துக்கு ஆளிவிதை எண்ணெய், வண்ணத்தை இளக்கும் டர்பன்டைன் எனக் கூடுதல் செலவு.

காய்வது: அக்ரிலிக் சில நிமிடங்களில். எண்ணெய் வண்ணத்தைத் தொட்டுப் பார்க்கவே நாள்கணக்காகும். வார்னிஷ் பூச வழக்கமாக 6 மாதம் பொறுப்பார்கள்.

தோல் நிறம்: எண்ணெய் வண்ணம் வெல்வது இங்கேதான். கன்னத்து வெளிச்சமும் தாடை நிழலும் ஈரத்திலேயே அழகாகக் குழைகின்றன. நம் மாநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு, மஞ்சள் ஓக்கர், துளி அல்ட்ராமரின் நீலம் கலந்து பாருங்கள், நிழல் உயிர்பெறும். கறுப்பை அள்ளிக் கலந்தால் முகம் மங்கிவிடும். அக்ரிலிக்கோ காயும்போது சற்றுக் கருக்கும். கொஞ்சம் வெளிறலாகவே கலக்க வேண்டும்.

வீட்டில்: ஜன்னலைச் சாத்தி ஏர்கோன் போட்ட அடுக்குமாடி அறைக்கு டர்பன்டைன் வாடை ஆகவே ஆகாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயவிடுங்கள்.

தீபாவளிக்குள் அம்மாவுக்கு ஒரு படம் முடிக்க வேண்டும், வீட்டில் சிறுபிள்ளைகளும் உண்டு என்றால் அக்ரிலிக். காற்றோட்டமான தரைவீடும், ஒரே முகத்தோடு வாரக்கணக்கில் உட்காரும் பொறுமையும் இருந்தால் எண்ணெய் வண்ணம்.