நாக்கு வழிக்க செம்பா, ஸ்டீலா?

சரக சம்ஹிதைங்கிற பழைய ஆயுர்வேத நூல்ல நாக்கு வழிக்கிறதுக்கு தங்கம், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளைன்னு அஞ்சு உலோகம் சொல்லியிருக்கு, முனை கூரா இல்லாம வளைஞ்சு இருக்கணும்னும் இருக்கு. இன்னைக்கு கடைல ஈஸியா கிடைக்கிறது செம்பும் ஸ்டீலும்தான்.

செம்போட பெரிய பிளஸ், அதோட மேல்பரப்புல பாக்டீரியா ரொம்ப நேரம் தாங்காது, ஆனா ஈரத்தோட அப்படியே வச்சா கறுத்துப்போகும், நாள்பட விட்டா பச்சையா களிம்பு பிடிக்கும், அதனால துடைச்சு வைக்கணும், அப்பப்போ புளியோ எலுமிச்சையோ போட்டு தேய்க்கணும், இதெல்லாம் தவறாம செய்றவங்களுக்கு செம்பு நல்லதுதான். ஸ்டீலுக்கு அந்த வேலையே இல்ல, கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்தா போதும். காலைல அவசரமா ஓடுற வீட்டுக்கு நான் ஸ்டீலத்தான் சொல்வேன்.

உண்மையில உலோகத்தை விட வழிக்கிற விதம்தான் முக்கியம்ங்க. வாய் நாத்தத்துக்கு காரணமான சல்ஃபர் வாயு பெரும்பாலும் நாக்கோட பின்பக்கம் படியுற வெள்ளைப் படிவத்துல இருந்துதான் வருது, பலபேர் முன்னாடி மட்டும் வழிச்சுட்டு விட்டுடறாங்க. பின்னாலருந்து முன்னால மெதுவா இழுங்க, ரத்தம் வர்ற அளவுக்கு அழுத்தவே அழுத்தாதீங்க. ஓரம் கூரா இருந்தா எந்த உலோகமா இருந்தாலும் வாங்காதீங்க.