ஒத்திக்கு விடவா, வாடகைக்கு விடவா?

பெருமாள்புரத்தில் மாடி வீடு காலியானதுமே தரகர் வந்துவிட்டார். "ஒத்திக்கா, வாடகைக்கா அண்ணாச்சி?"

ஒத்தி என்றால் மாத வாடகை கிடையாது; மொத்தமாக ஐந்து லட்சம் வாங்கிக்கொண்டு, மூன்று வருஷம் கழித்து அப்படியே திருப்பித் தர வேண்டும். அதை 7 சதவீதத்துக்கு வங்கியில் போட்டால் வருஷத்துக்கு 35,000 ரூபாய். மாதம் 7,000 வாடகை என்றால் 84,000. நியாயமாகப் பார்த்தால் பேச்சு இங்கேயே முடிந்தது. ஆனால் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு ஐந்து லட்சம் கடன் வாங்கியவருக்கு வருஷ வட்டியே 1,20,000. அவர் ஒத்தி வாங்கிக் கடனை அடைப்பதுதான் புத்தி. சிக்கல் கடைசியில்தான் வரும். திருப்பித் தர வேண்டிய பணம் கடனிலோ மகள் கல்யாணத்திலோ போயிருக்கும். அடுத்த ஒத்திக்காரர் கிடைக்கும்வரை இருப்பவரைக் கிளப்ப முடியாது.

வாடகையில் தொல்லை சில்லறையாக வரும்: பத்தாம் தேதி தாண்டியும் வராத பணம், மோட்டார் ரிப்பேர், சுவரில் ஓதம் என்று போன். அப்புறம், தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது.

எனக்குக் கடன் இல்லை, வாடகைக்கே விட்டேன். குடிவந்தவர் முதல் நாளே கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்தார். சரி என்று நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.